சிம்பன்சிக்கு என்ற பேரு வந்த கத

ஆப்பிரிக்காவுல ஒரு சிம்பன்சி இருக்குது. தாயச் சாவக் குடுத்துட்டு, பால் தண்ணி எதுவுந் தொடாம சாவக் கெடந்த அந்தக் குட்டி, என்ற கையிலதான் மொத வாயிப் பாலு குடிச்சுது. அதனால அதுக்கு என்ற பேரையே வெச்சாங்க, ரங்கான்னு.

இதுல ஆப்பிரிக்கா நெசம். சிம்பன்சி நெசம். பேரும் நெசம். கை மட்டும் பொய்யி.

இருவது வருசத்துக்கு மேல இந்தப் பொய்யச் சொல்லிச் சொல்லி, இப்பக் கைய நீட்டிப் பாத்தா எனக்கே பால் வாசம் அடிக்குது. அப்படியாப்பட்ட ஆளு நானு.

நான் எழுதலீங்க. எனக்கு எழுத வராது. மழைக்குக்கூடப் பள்ளிக்கொடத்துப் பக்கம் ஒதுங்காதவன். எங்கூர்ல மழையே கம்மி, நான் என்ன பண்ணட்டும்? மருமவ போன்ல என்னமோ ஒண்ணு வெச்சுக் குடுத்திருக்குது. நான் பேசப் பேச அதுவே எழுதிக்குது. போர் போடற ரிக்குல வேல பாக்கற பசங்க வாட்சப்புல ஒரு குரூப்பு வெச்சிருக்காங்க, ஓஞ்சு போன எங்களையும் சேத்திருக்காங்க. அதுல ஒருத்தன் கேட்டான், "ஏனுங்க பெருசு, கொரங்குக்கு உங்க பேரு வெச்சாங்களாமே, அது எப்படிங்க?"ன்னு. உடனே பத்துப் பேரு சிரிக்கற பொம்மையா அனுப்பிச்சானுங்க. எப்பவும்போல அந்தப் பால் கதையவே உட்டிருப்பேன். அதுக்குள்ள இன்னொரு சேதி வந்துபோட்டுது.

நாங்க வேல பாத்த போர்வெல் கம்பெனி ஆபீசுல இருந்து மேனேசரு கூப்புட்டாரு. அந்தச் சிம்பன்சி இப்பப் பெரிய ஆளாம். அங்கிருக்கற கூட்டத்துக்கே அதுதான் தலைவராம். ஒவ்வொரு சிம்பன்சிக்கும் பேரு எப்படி வந்துச்சுன்னு போர்டு எழுதி வெக்கறாங்களாம். "ரங்காங்கறவரு கையில மொதல்ல பாலு குடிச்சுதுன்னு எங்க நோட்டுல இருக்குது, அவரு போட்டோ ஒண்ணு வேணும்"னு கேட்டிருக்காங்க. "அனுப்புங்க ரங்கண்ணா, நம்ம கம்பெனிக்கே பெரும"ங்கறாரு மேனேசரு.

பேரக் குடுத்தாச்சு. இப்ப மூஞ்சியும் கேக்கறாங்க. யாரு மூஞ்சியக் குடுக்கறது? இதுதான் சங்கதி.

என்ற ஊரு ஆட்டையாம்பட்டி. எங்கூட்டுல எல்லாரும் தறிக்காரங்க. எனக்குத் தறிக்குழியில உக்காந்தா காலு மரத்துப்போவும், வாயி மட்டும் மரத்துப்போவாது. "இவன் ஒரு முழம் நெய்யறதுக்குள்ள ஒம்போது முழம் பேசறான்"னு எங்கப்பன் தொரத்தி உட்டுட்டாரு. திருச்செங்கோட்டுல ஒரு ரிக்கு லாரியில ஏறுனேன். மொத மூணு வருசத்துல கத்துக்கிட்டத ஒரே மூச்சுல சொல்லிப்போடலாம்: ராடு தூக்கறது, ராடு மாட்டறது, ராடு கழட்டறது, திட்டு வாங்கறது. ஒரு ராடு இருவது அடி. பூமிக்குள்ள இருவது அடி எறங்குனா இன்னொண்ணு மாட்டோணும். அவ்வளவுதான் படிப்பு.

மிச்சத்தச் சொல்லோணும்னா எங்க ஆப்ரேட்டரு கொழந்தவேலு அண்ணனத்தான் சொல்லோணும். ரிக்கோட லீவரப் புடிக்கறவருதான் ஆப்ரேட்டரு. அவரு வாயத் தொறந்து நான் கேட்டது கம்மி. காத்து அடிக்கற கம்ப்ரசரு ஓடறப்ப பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது, அதனால எல்லாமே கைச் சாடதான். ரெண்டு வெரலக் காட்டுனா ராடு மாட்டோணும். உள்ளங்கையக் கவுத்துனா காத்தக் கொறைக்கோணும். கைய முட்டியா மூடுனா நிறுத்து. எதுவா இருந்தாலும் நிறுத்து, அந்த நிமிசமே நிறுத்து. பழகிப் பழகி மனுசன் ஊட்டுலயும் அப்படித்தான். சோறு போதும்னா முட்டிய மூடுவாரு. அவரு சம்சாரம், "ஏனுங்க, நானென்ன கம்ப்ரசரா?"ன்னு கேக்கும்.

போர் போடறப்ப உள்ளாற இருந்து கல்லுத்தூளு வெளிய ஊதிக்கிட்டு வரும் பாருங்க, அத ஒவ்வொரு ராடுக்கும் ஒரு குமியா வரிசையாக் கொட்டி வெக்கறது எங்க ரிக்குல வழக்கம். மொத ராடுக்கு ஒரு குமி, ரெண்டாவது ராடுக்கு ஒரு குமி. செவப்பு, அப்புறம் சாம்பலு, அப்புறம் கருப்புன்னு கலர் மாறிக்கிட்டே போவும். கொழந்தவேலு அண்ணன் அந்த வரிசையில குத்த வெச்சு, ஒவ்வொரு குமியிலயும் ஒரு சிட்டிக எடுத்து நாக்குல வெப்பாரு. கண்ண மூடுவாரு. துப்புவாரு. எந்திரிச்சுப் போயி லீவரப் புடிப்பாரு. தண்ணி எங்க வரும், பாற எங்க ஒடையும், எல்லாம் அந்த நாக்குக்குத் தெரியும்.

குமி கொட்டறது என்ற வேல. ஒரு நாளு எருமப்பட்டி பக்கம் ஒரு தோட்டத்துல வெயிலு மண்டையப் பொளக்குது. ஒரு ராடு முழுக்க வேப்பமரத்தடியில தூங்கிப்போட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஒரு குமி கொறையுது. நான்தான் அறிவாளியாச்சே! முன்னாடி இருந்த குமியப் பாதியாப் பிரிச்சு ரெண்டாக் கொட்டி வெச்சுட்டேன். அண்ணன் வந்தாரு. உக்காந்தாரு. ஒண்ண நக்குனாரு. அடுத்தத நக்குனாரு. மறுக்கா முன்னத நக்குனாரு. என்னயக் கை காட்டிக் கூப்புட்டு, ரெண்டு குமியிலயும் எடுத்து என்ற நாக்குல வெச்சாரு. எனக்கு ரெண்டுமே மண்ணாத்தான் இருந்துச்சு. அன்னிக்குச் சோத்துக்கு ஒக்காந்தப்ப என்ற தட்டுல இருந்த ஒரே களி உருண்டைய ரெண்டாப் பிட்டு, தள்ளித் தள்ளி வெச்சுட்டுப் போனாரு. சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சு உருண்டான். அதுல இருந்து எங்க ரிக்குல எவன் பொய் சொன்னாலும் "ரெண்டு குமி"ம்பாங்க.

அதே எருமப்பட்டித் தோட்டத்துலதான் எனக்குச் சனி புடிச்சுது. சனிக்குப் பேரு செல்லமுத்து.

அந்தத் தோட்டத்துக்காரரு பக்கத்து ஊட்டுப் பையன். எரும மேச்சுக்கிட்டு இருந்தவன், ரிக்கப் பாக்க வந்தான். பாத்தான், பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். சாயங்காலம் கொழந்தவேலு அண்ணன் கிட்டப் போயி, "நானும் வரட்டுங்களா?"ன்னான். அண்ணன் ரெண்டு வெரலக் காட்டுனாரு. ராடு மாட்டுன்னு அர்த்தம். வேலைக்கு எடுத்தாச்சு! நான் வேலைக்குச் சேரறப்ப என்ற பல்லு, கண்ணு, காலு எல்லாத்தையும் மாடு புடிக்கறவனாட்டம் பாத்தாங்க. இவனுக்கு ரெண்டு வெரலு.

அன்னில இருந்து எரிய ஆரம்பிச்ச வவுறு, இன்னும் அணையல. செல்லமுத்து பேச மாட்டான். எவனையும் திட்ட மாட்டான். என்ற சோக்குக்கு எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பொறவு, அவன் மட்டும் தனியா ஒரு தடவ மெல்லமாச் சிரிப்பான். அப்ப எல்லாரும் அவனத்தான் பாப்பாங்க. எனக்குப் பின்னாடி வந்தவன், எனக்கு முன்னாடி லீவரப் புடிச்சான். அண்ணன் அவனுக்கு நாக்குல ருசி பாக்கக் கத்துக் குடுத்தாரு. எனக்குக் கத்துக் குடுக்கல. "உன்ற நாக்கு வேற வேலைக்கு"ன்னு சொல்லிப்போட்டாரு. அந்த மனுசன் வாயத் தொறக்கறதே அபூர்வம், அதுவும் இதுக்குத்தானா தொறக்கோணும்?

எங்க பக்கத்து ரிக்கெல்லாம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எங்க வண்டியும் போச்சு, நாங்களும் போனோம். அங்கதான் எனக்கு ஒரு வழி கெடச்சுது. அங்க சுவாகிலின்னு ஒரு பேச்சு. செல்லமுத்து தமிழையே அளந்து அளந்து பேசறவன், சுவாகிலிய என்ன பண்ணுவான்? நான் ஆறே மாசத்துல கடைக்காரன், போலீசுக்காரன், கோழி விக்கற பொம்பள எல்லாருகிட்டயும் வாயாடி வாயாடிக் கத்துக்கிட்டேன். பொறாமையில படிச்ச படிப்பு சீக்கிரம் மண்டையில ஏறும், நீங்களும் பண்ணிப் பாருங்க. எங்களையெல்லாம் அங்க பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க, எல்லாத்தையும் "ஃபுண்டி"ம்பாங்க. நம்மூர்ல மேஸ்திரிங்கற மாதிரி. அப்புறம் மருவாதையான பொம்பளைங்களை "மாமா"ன்னு கூப்புடோணும். அவிய பேச்சுல அம்மான்னு அர்த்தம். மொதநாளு மீச வெச்ச கொழந்தவேலு அண்ணன் ஒரு பொம்பளையப் பாத்து "வணக்கங்க மாமா"ன்னப்ப நான் சிரிச்ச சிரிப்புல பல்லு செட்டு கழண்டு உழுந்திருக்கும், அப்ப என்றது சொந்தப் பல்லு.

ஒருக்கா காட்டோரமா ஒரு எடத்துக்கு போர் போடப் போனோம். தாயில்லாத சிம்பன்சிக் குட்டிகளை வளக்கற எடம். வேட்டைக்காரனுங்க தாயச் சுட்டுப்போட்டு குட்டிய விக்கப் போவானுங்களாம், அதப் புடுங்கிக் கொண்டாந்து வளக்கறாங்க. தலைமையா இருந்தவங்க மாமா கிரேசு. ஒசந்த ஆளு, தலையில மஞ்சத்துணி கட்டியிருப்பாங்க. அங்க தண்ணி இல்ல. லாரியிலதான் தண்ணி வரும். லாரி வராத அன்னிக்கு சிம்பன்சியெல்லாம் காலி டிரம்மத் தட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும்.

மொத போரு புஸ்ஸு. வெறும் தூளு. ரெண்டாவது போரும் புஸ்ஸு. மூணாவதுக்கு, குழியில மண்ணு சரியாம எறக்கற கேசிங் பைப்பு பத்தாமப் போயி, டவுனுல இருந்து வரட்டும்னு காத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். வேல இல்லாத ரிக்கு ஆளும் கட்டு அவுந்த மாடும் ஒண்ணு. அந்தக் கூண்டு, இந்தக் கூண்டுன்னு சுத்துனோம். மாமா கிரேசு எனக்கு ஒரு சங்கதி சொன்னாங்க. சிம்பன்சிங்கற பேரு வெள்ளைக்காரன் வெச்ச பேரில்லயாம். அங்கிருந்து மேக்க, காங்கோ பக்கத்து ஆளுங்க பேச்சுல இருந்து எடுத்ததாம். மனுசனாட்டம் வேசங்கட்டறதுன்னு அதுக்கு அர்த்தம் சொல்லுவாங்களாம். "அப்ப மனுசன் யாராட்டம் வேசங்கட்டறான்?"ன்னு நான் சோக்கா ஒண்ண எடுத்து உட்டேன். மாமா சிரிச்சாங்க. அண்ணன் சிரிக்கல. செல்லமுத்து எல்லாரும் முடிச்சப்பொறவு மெல்லமாச் சிரிச்சான். நாசமாப் போறவன்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு ஜீப்புல ஒரு குட்டியக் கொண்டாந்தாங்க. நம்ம ரெண்டு உள்ளங்கைய விரிச்சா அதுக்குள்ள அடங்கிப்போவும். காது மட்டும் பெருசு. வயித்துல கயிறு கட்டுன தடம் புண்ணா இருந்துச்சு. கொண்டாந்தவங்க சொன்னாங்க, புடிச்ச எடத்துல இருந்து ரெண்டு நாளா ஒண்ணுந் தொடலன்னு. மாமா நோட்ட எடுத்தாங்க. எடை எழுதுனாங்க, காயம் எழுதுனாங்க. பேருன்னு இருந்த எடத்த மட்டும் காலியா உட்டாங்க. ஏன்னு கேட்டேன். "எவன் கையில மொத வாயி குடிக்குதோ, அவன் பேரு. அதுவரைக்கும் பேரு கெடையாது. பேரில்லாமயே போயிச் சேந்ததும் உண்டு"ன்னாங்க. நோட்டப் பெரட்டிக் காட்டுனாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா காலி எடம் தெரியும். நெறையாத்தான் இருந்துச்சு.

அதுக்கு ஒரு மொற இருந்துச்சுங்க. கைய சோப்புப் போட்டு மூணு தடவ கழுவோணும். வாயில துணி கட்டோணும். பால்பொடியக் கொதிச்ச தண்ணியில கலக்கி, ரப்பர் போட்ட பால் பாட்டல்ல ஊத்தி, முழங்கையில ஒரு சொட்டு உட்டு சூடு பாக்கோணும். குட்டிய மார்ல அணைச்சு, ரப்பர உதட்டோரமா வெக்கோணும். திணிக்கக் கூடாது. அதுவா வாயத் தொறக்கோணும். மாமா பாத்தாங்க, முடியல. அங்க வேல பாக்கற ஆளுங்க வரிசையா ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. வாயப் பூட்டுப் போட்டாப்புல வெச்சிருக்குது. கண்ணு மட்டும் எங்கயோ பாக்குது. மறுநாளு காத்தால தலையே நிக்கல, தொங்குது. மாமா எங்களப் பாத்தாங்க. "ஃபுண்டிங்களும் வாங்க. யாரு கையின்னு யாருக்குத் தெரியும்?"

நான்தான் மொதல்ல போனேன். நம்ம சோக்குக்குச் சிரிக்காத உசுரு உண்டா? கையெல்லாம் கழுவி, குட்டிய வாங்கி, துணிய எறக்கிட்டு, அதுக்கு நேரா மூஞ்சிய வெச்சு, முப்பத்திரெண்டு பல்லும் தெரிய "ஈ"ன்னு ஒரு இளி இளிச்சேன். குட்டி போட்ட சத்தத்துல வெளிய இருந்த சிம்பன்சியெல்லாம் கூட ஒட்டுக்காக் கத்துது. என்ற சட்ட பூராவும் ஒண்ணுக்கு. மாமா வெடுக்குன்னு புடுங்கிட்டாங்க. பல்லக் காட்டுனா அதுங்க ஊர்ல பயம்னு அர்த்தமாம். பயந்த ஒருத்தனப் பாத்தா இன்னொருத்தனும் பயந்துக்குவான்ல? நான் என்ன கண்டேன்? எங்கூர்ல பல்லக் காட்டித்தான் எல்லாக் காரியமும் ஆவுது.

அப்புறம் செல்லமுத்து போனான்.

அவன் பாட்டல வாங்கல. "ஒரு கிண்ணத்துல ஊத்தித் தரச் சொல்லு"ன்னான் எங்கிட்ட. சொன்னேன். குட்டிய நேராப் புடிக்கல. தரையில ஒக்காந்து, மடியில போட்டு, அதோட மூஞ்சி வெளிய பாக்கற மாதிரி திருப்பிக்கிட்டான். இவனும் அத ஏறிட்டுப் பாக்கல, தூரமா நம்ம ரிக்கப் பாத்துக்கிட்டே இருந்தான். சுண்டு வெரலப் பால்ல முக்கி, வாயோரமா வெச்சான். சும்மா வெச்சான். எடுத்தான். மறுக்கா முக்கி வெச்சான். இன்னொரு கையால தாடைக்கடியில இருந்து தொண்ட வரைக்கும் மெல்லமாத் தடவிக் குடுத்தான். தாய் செத்த எருமக் கன்னுக்குப் பால் பழக்கறது எருமப்பட்டியில அப்படித்தான். ஆட்டையாம்பட்டியில எங்களுக்குப் பாவு நூலுக்குக் கஞ்சி போடத் தெரியும், கன்னுக்கு என்ன தெரியும்?

எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியல. என்ற சட்டையில அது பேஞ்ச ஒண்ணுக்குக் காஞ்சுபோச்சு, அவ்வளவு நேரம். அவன் எங்கயோ பாக்கறான், குட்டி எங்கயோ பாக்குது. திடீர்னு அந்த வெரலு உள்ள போச்சு. சப்புது. சப்பறது எங்க எல்லாத்துக்கும் கேக்குது. அவன் வெரல வெளிய உருவாம, அப்படியே கைய எறக்கிக் கிண்ணத்துக்குள்ள கொண்டு போனான். குட்டியோட வாயும் கூடவே எறங்குச்சு. வெரலு பாலுக்குள்ள, வாயும் பாலுக்குள்ள. கிண்ணம் காலி.

குட்டி அவன் கட்ட வெரலப் புடிச்சுக்கிச்சு. கை முழுசும் அந்த ஒத்த வெரலச் சுத்திப் புடிச்சுது. மாமா கிரேசு தலத்துணிய அவுத்து மூஞ்சியத் தொடச்சாங்க. கொழந்தவேலு அண்ணன் ரெண்டு வெரலக் காட்டுனாரு. இன்னொரு கிண்ணம் ஊத்துன்னு. எல்லாரும் நெகிழ்ந்து நிக்கறாங்க. நானும் நெகிழ்ந்துதான் இருக்கோணும். ஆனா உண்மையச் சொல்றேன், என்ற மனசுல ஓடுனது ஒண்ணே ஒண்ணு: இதுவும் இவனுக்கா?

மாமா நோட்டையும் பேனாவையும் எடுத்தாங்க. செல்லமுத்தக் காட்டி, பேச்சு தெரிஞ்ச ஆளு நான்தானே, எங்கிட்டக் கேட்டாங்க, "ஜினா லாக்கே நானி?"ன்னு. அவரு பேரு என்னன்னு கேக்கறாங்க.

அவங்களுக்கு எங்க பேரு ஒருத்தரதும் தெரியாது. எல்லாரும் ஃபுண்டி. எங்களுக்குள்ள சுவாகிலி தெரிஞ்சவன் நான் ஒருத்தந்தான். என்ற வாயி என்னயக் கேக்காமயே தொறந்துச்சு.

"ரங்கா"ன்னேன்.

மாமா எழுதிட்டாங்க. குட்டியோட மண்டையத் தொட்டு, "ரங்கா, ரங்கா"ன்னு ரெண்டு தடவ கூப்புட்டாங்க. செல்லமுத்து தலையத் தூக்கி என்னய ஒரு பார்வ பாத்தான். அப்புறம் மறுக்காக் குனிஞ்சு பால்ல வெரல முக்குனான். என்னயப் பத்தி என்னமோ பேசிக்கறாங்கன்னு நெனச்சிருப்பான்னு நான் நெனச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் பாத்தா, கொழந்தவேலு அண்ணன் கைய முட்டியா மூடிப் புடிச்சிருக்காரு. நிறுத்து.

வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அந்த முட்டிக்கு நின்னவன் நானு. காலுக்கடியில பாம்பு வந்தாலும் நிப்பேன். அன்னிக்கு மட்டும், பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு மூணாவது போர்ல தண்ணி பீச்சி அடிச்சுது. அப்பவும் லீவர்ல செல்லமுத்துதான். கெளம்பற அன்னிக்கு குட்டி அவன் சட்டைய உடல. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சா, பிரிச்ச வெரலு போயி இன்னொரு எடத்துல புடிச்சுக்குது. எருமப்பட்டி சந்தையில எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்ட அது. கடசியில அவன் சட்டையவே கழட்டிக் குட்டி மேல போத்தி உட்டுட்டு, பனியனோட வண்டியில ஏறுனான். நான் அது ஒண்ணுக்குப் பேஞ்ச அதே சட்டையோட ஏறுனேன். வண்டி கெளம்பி ரொம்பத் தூரம் போனப்பொறவு, கொழந்தவேலு அண்ணன் ரோட்டப் பாத்துக்கிட்டே வாயத் தொறந்தாரு.

"ரெண்டு குமி."

அவ்வளவுதான். அப்புறம் சாவற வரைக்கும் அதப் பத்தி அவரு பேசவே இல்ல.

ஊருக்கு வந்து நான் அளந்த அளப்பு இருக்குதே! டீக்கடையில, பஸ்ஸுல, எழவு ஊட்டுல, எங்கயும் உடல. பெருமைக்குச் சொன்னேன், ஊரு வேற மாதிரி எடுத்துக்கிச்சு. "கொரங்கு ரங்கன்"னு பேரு உழுந்துபோச்சு. ஊட்டுக்காரி, "ஒரு கொரங்கு அங்க, ஒரு கொரங்கு இங்க, எனக்கு வாச்சது இது"ன்னு தலையில அடிச்சுக்குவா. பொண்ணு பாக்க வந்த சம்மந்தி ஊட்டுக்காரங்க தெருமுனையில நின்னு, "ஏனுங்க, கொரங்கு ரங்கசாமி ஊடு எதுங்க?"ன்னு கேட்டிருக்காங்க. என்ற சொந்தப் பொண்ணு மூணு நாளு எங்கூடப் பேசல. இந்த ஏளனத்துல ஒரு பொட்டாவது செல்லமுத்துக்குப் போச்சா? இல்ல. பால் குடுத்தது அவன், பட்டம் எனக்கு. திருடறதுலகூட எனக்கு யோகம் இல்ல பாருங்க.

ஆனா செல்லமுத்து, எப்பப் பாத்தாலும் மறக்காம ஒண்ணு கேப்பான். கல்யாண ஊட்டுல பாத்தாலும் சரி, ஆசுபத்திரியில பாத்தாலும் சரி, பக்கத்துல வந்து மெல்லமா, "ரங்கா சொகமா இருக்குதா?"ம்பான். என்னயக் கேக்கறானா, அதக் கேக்கறானான்னு எனக்கு வெளங்குனதே இல்ல. "இருக்குது, இருக்குது"ன்னு சொல்லிட்டு நான் வேற பக்கம் நழுவிருவேன்.

இப்ப போட்டோவுக்கு வருவோம். நான் போட்டோ எடுக்கத்தான் போனேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. பல்லு செட்டு மாட்டி, தலைக்கு மை அடிச்சு, நாமக்கல்லு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற ஸ்டூடியோவுல ஒக்காந்துட்டேன். அவன், "அய்யா, கொஞ்சம் சிரிங்க"ன்னான். சிரிச்சேன். அவன் எடுத்தத அந்தக் கேமராப் பொட்டியில காட்டுனான் பாருங்க. முப்பத்திரெண்டு பல்லு. அதே இளிப்பு. அந்தக் குட்டி அலறுனது அப்படியே காதுல கேட்டுச்சு. இந்தப் போர்டக் கூண்டுகிட்ட வெச்சா, அது பெரிய தலைவரா இருந்தாலும் மறுக்கா ஒண்ணுக்குப் போயிருமேன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வல்ல.

அதுக்குப் பேர இனி மாத்த முடியாது. இருவது வருசமா ரங்கான்னா திரும்பிப் பாக்கற உசுரு, செல்லமுத்துன்னா திரும்புமா? பேரு போவட்டும். மூஞ்சியாச்சும் அவன்றதா இருக்கட்டும்னு முடிவு பண்ணிப்போட்டேன். பெரிய மனசுன்னு நெனச்சுராதீங்க. அவன் மூஞ்சி ஆப்பிரிக்காவுல தொங்கப் போவுதேன்னு நெனச்சா இப்பவும் நெஞ்சுக்குழி காந்துது. இருந்தாலும் நேத்து அவனுக்குப் போன் பண்ணுனேன். அங்கயும் நெசத்தச் சொல்ல வாயி வல்ல. "பழைய ரிக்கு ஆளுங்களுக்கெல்லாம் கார்டு போடறாங்களாம், போட்டோ வேணுமாம், நாளைக்குப் பத்து மணிக்கு எங்கூட்டுக்கு வா, சேந்து நாமக்கல்லு போலாம்"னு புளுகிப்போட்டேன். சரின்னு ஒத்த வார்த்த சொல்லி வெச்சுட்டான். ஸ்டூடியோவுல வெச்சு, அவன் ஸ்டூல்ல ஒக்காந்தப்பொறவு, எந்திரிச்சு ஓட முடியாதப்ப எல்லாத்தையும் சொல்லிப்போடலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. "ஏப்பா செல்லமுத்து, அன்னிக்கு அந்தம்மா கேட்டது உன்ற பேரு"ன்னு எடுத்த எடுப்புல சொல்றதா, இல்ல மொதல்ல ரெண்டு குமியில இருந்து தொடங்கி

இருங்க, வாசக் கேட்டுப் பக்கம் யாரோ கூப்புடறாங்க. மருமவ எட்டிப் பாத்துட்டு, எருமப்பட்டி மாமா வந்துட்டாருங்குது. செல்லமுத்துதான். பத்து மணிக்கு வரச் சொன்னா எட்டரைக்கே வந்து நிக்கறான். இதுலயும் எனக்கு முந்தி.

"ஏய் ரங்கா! வாரியா, இல்லியா?"

"வாரேன்டா, இருடா சாமி!"

"சீக்கிரம் வாப்பா. அன்னிக்கு அங்க உட்டுட்டு வந்தனே, அதே நீலக் கட்டத்துல தேடிப் புடிச்சு ஒரு சட்ட எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். போர்டுல பாத்தா அதுக்கு அடையாளந் தெரியுமா, சொல்லு?"

நான் போர்டப் பத்தி அவன்கிட்ட மூச்சே உடலீங்களே